ஈரலும் எலும்பும்

அச்சத்தைச் சொல்ல வந்த நம் தாய்மார்கள் "ஈரக்கொலை நடுங்கிப் போச்சு" என்பார்கள். விடுதியிலிருந்து மெலிந்து திரும்பும் பிள்ளையைக் கண்டால் "எலும்பும் தோலுமா ஆயிட்டியே" என்று அங்கலாய்ப்பார்கள். இப்படி ஈரல் அச்சத்திற்கும் எலும்பு வறுமைக்கும் அடையாளமாக நம் பேச்சில் நெடுங்காலமாக நின்றுவிட்டன. உடலுக்குள்ளே இவ்விரண்டிற்கும் ஓர் உறவு உண்டு என்பதையோ, அந்த உறவு கெட்டால் ஈரலில் சேர்ந்த கொழுப்பு எலும்பையும் வாட்டக்கூடும் என்பதையோ நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அரிமளத்திலும் அதனைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் நாற்பதைக் கடந்த பெண்களின் நலத்தைப் பேசுவோர் இதை எண்ணியே தீர வேண்டும் என்பது என் கருத்து.

கல்லீரலின் உயிரணுக்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்பட்டவற்றில் கொழுப்பு தேங்கினால் அது கொழுப்பு ஈரல் எனப்படும். கல்லீரல் நோய் என்ற சொல் காதில் விழுந்தவுடனே, "குடிச்சிருப்பான்" என்று தீர்ப்புக் கூறிவிடுவது நம் ஊர் வழக்கம். மது ஈரலைக் கெடுக்கும், எலும்பையும் கெடுக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மதுவைத் தொட்டும் பாராதவர்களுக்கும் இந்நோய் வருகின்றது என்பதை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த லுட்விக் என்பவரும் அவருடைய குழுவினரும் 1980-இலேயே எழுதிவிட்டார்கள். அன்று அவர்கள் "மதுவால் வராத" என்ற அடைமொழியோடு இதற்குப் பெயர் சூட்டினார்கள். நோயாளியைக் கூசவைக்கும் அப்பெயரை 2023-இல் உலக ஈரல் மருத்துவர்கள் கூடி மாற்றினார்கள். உடலின் வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு சேர்ந்து வரும் கொழுப்பு ஈரல் நோய் என்பது புதிய பெயரின் பொருள். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வாழ்நாளில் ஒரு துளி மது அருந்தாத ஒரு பெண்மணி, ஸ்கேன் எடுத்த சீட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வீடு திரும்புகிறாளே, அவளைக் கேட்டுப் பாருங்கள். பெயரில் எவ்வளவோ இருக்கிறது!

அந்தச் சீட்டைப் படிக்கும் அண்டை வீட்டார் சொல்லும் ஆறுதல் இன்னொரு வேடிக்கை. "இது எல்லாருக்கும் இருக்கிறதுதான், விடு" என்பார்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள், நாட்டின் பல பகுதிகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியிட்ட கணக்குப்படி, வயது வந்த இந்தியரில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேருக்குக் கொழுப்பு ஈரல் இருக்கிறது. ஆக, அண்டை வீட்டார் சொல்வது பெரிய பொய்யன்று. ஆயினும் ஊரெல்லாம் காய்ச்சல் என்றால் காய்ச்சல் நோயில்லை என்று ஆகிவிடுமா?

இது கொழுத்த பணக்காரரின் நோய் என்றும் தள்ளிவிட முடியாது. புனே நகர மருத்துவர் யாஜ்னிக், 2004-இல் தம் படத்தையும் ஆங்கிலேய நண்பர் யுட்கினின் படத்தையும் அருகருகே போட்டு 'லான்செட்' இதழில் ஓர் உண்மையைக் காட்டினார். உயரத்திற்கேற்ற எடைக் கணக்கில் இருவரும் ஒன்றே. உடலிலுள்ள கொழுப்போ இந்தியருக்கு இரு மடங்குக்கு மேல்! பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு என்பது நம் இனத்து உடல்வாகு. எலும்பின் செய்தி இங்கேதான் சேர்கின்றது. பொதுவாக உடல் எடை கூடியவர்களின் எலும்பு, அந்த எடையைத் தாங்கித் தாங்கியே சற்று உறுதிப்படும். நம்மவர்க்கோ ஈரலில் கொழுப்பின் கேடு உண்டு, எலும்பைத் திடமாக்கும் எடை இல்லை. இரு பக்கமும் நட்டம்.

ஈரல் எலும்புக்கு என்னதான் செய்கிறது? வெயில் பட்டுத் தோலில் உண்டாகும் வைட்டமின் டி அப்படியே பயன்படாது. அது முதலில் கல்லீரலுக்குச் சென்று ஒரு மாற்றம் பெற்று, பிறகு சிறுநீரகத்தில் மறு மாற்றம் பெற்றுத்தான் சுண்ணாம்புச் சத்தைக் குடலிலிருந்து இழுக்கும் ஆற்றல் பெறுகிறது. எலும்பு வளரத் தூண்டும், இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி என்னும் புரதத்தையும் பெரும்பகுதி கல்லீரலே சுரக்கிறது. கொழுப்பால் ஈரல் அழற்சியுறும்போது இரத்தத்தில் கலக்கும் பொருள்கள் எலும்பைக் கரைக்கும் அணுக்களை ஊக்குவிக்கின்றன. எலும்பும் வாய்மூடி இருப்பதில்லை. அது சுரக்கும் ஆஸ்டியோகால்சின் உடலின் சர்க்கரைச் செலவை மாற்றுகிறது என்று 2007-இல் கார்சென்டி குழுவினர் எலிகளில் காட்டினார்கள்.

நேர்மையாகச் சொல்வதானால், மனிதரிடம் கிடைத்த சான்றுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஈரல் முற்றிச் சுருங்கியவர்களுக்கு எலும்பு நலிகிறது என்பது மருத்துவம் நன்கறிந்த செய்தி. பருமனான அமெரிக்கச் சிறுவர்களுள் ஈரலில் கொழுப்புள்ளவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைந்திருந்ததாக 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. பெரியவர்களைப் பற்றிய ஆய்வுகளிலோ சிலவற்றில் குறைவு தெரிகிறது. சிலவற்றில் வேறுபாடே தெரியவில்லை. அறுதியான முடிவு வரட்டும் என்று காத்திருப்பது ஆய்வாளர்க்கு அழகு. காத்திருக்கும் ஆண்டுகளில் மாதவிலக்கு நின்ற நம் தாய்மார் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்வார்களே! இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதால் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

உணவுக்கு வருவோம். புதுக்கோட்டைச் சீமை வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் வரகும் கேழ்வரகும் என்று இருந்த மண். 2008-இல் ரேஷனில் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011-இல் விலையின்றியும் அரிசி வந்தது. பட்டினியை ஒழித்த அந்த ஏற்பாட்டைப் பழிப்பவன் பசியறியாதவன். ஆனால் மூன்று வேளையும் சோறும் இட்லியும் என்றாகி, இடையிடையே சர்க்கரை போட்ட தேநீரும் சேரும்போது, செலவழியாத மாவுச்சத்து ஈரலில் கொழுப்பாகக் குடியேறுகிறது. சுண்ணாம்புச் சத்தோ 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்க, தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூடத் தேறுவது அரிது. நாளொன்றுக்கு வேண்டியது 1000 மில்லிகிராம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். வீட்டில் கறவை மாடு இருந்தும், பாலையெல்லாம் ஊற்றிவிட்டுக் கடுங்காப்பி குடிக்கும் குடும்பங்களை நாம் அறியாதவர்களா?

வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. இருந்தும் திருப்பதிப் பகுதியில் நடந்த ஆய்வில், நகரத்தாரிடம் மட்டுமன்றி வெயிலில் உழைக்கும் சிற்றூராரிடமும் வைட்டமின் டி குறைவு காணப்பட்டது. சிற்றூரார் நகரத்தாரைவிட ஓரளவு தேவலை, அவ்வளவே.

உழைப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1991-இல் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் நம் மாவட்டத்துப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. கல்லுடைக்கும் பெண்களும், நாற்று நடுவோரும், கிராமச் செவிலியரும் ஆயிரக்கணக்கில் மிதித்து ஊரையே வியக்க வைத்தார்கள். அது விடுதலைக்காக மிதித்த மிதி. ஈரலுக்கும் அது மருந்தாக இருந்திருக்கும் என்பதை அன்று யார் நினைத்தார்? இன்று பல வாசல்களில் ஸ்கூட்டர் நிற்கிறது. நிற்கட்டும், நேரம் மிச்சமாகிறது. ஆனால் ஒன்று. சைக்கிள் ஈரலுக்கு உதவும் அளவுக்கு எலும்புக்கு உதவாது. எலும்பு சுமை கேட்கும். நடை, படியேற்றம், குடம் தூக்குதல் எதையாவது கேட்கும். மெலிய வேண்டும் என்று பட்டினி கிடப்பவர்களும் இதை அறிய வேண்டும். உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும். அதை அவசரத்தில் பட்டினியால் குறைத்தால் எலும்பும் சேர்ந்து கரையும்.

என்னை மிகவும் வருத்துவது மருந்துக் கடைப் பழக்கம். மூட்டுவலி என்று சொன்னால் சீட்டில்லாமல் சில இடங்களில் கைக்கு வரும் பொட்டலத்தில் ஸ்டீராய்டு மாத்திரையும் இருப்பதுண்டு. இரண்டே நாளில் வலி பறந்துவிடும். மாதக்கணக்கில் தின்றால் எலும்பை அரிக்கும், ஈரலில் கொழுப்பையும் சேர்க்கும். எந்த எலும்புக்காக மருந்து வாங்கினாளோ அந்த எலும்பையே விலையாகக் கொடுக்கிறாள்! மருத்துவரே எழுதும் மருந்திலும் எச்சரிக்கை வேண்டும். சர்க்கரைக்குத் தரும் பயோகிளிட்டசோன் ஈரல் அழற்சியைத் தணிக்கிறது; ஆனால் பெண்களுக்கு எலும்பு முறியும் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஈரலைப் பார்ப்பவர் எலும்பையும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு, தொற்றா நோய்த் திட்டத்தில் கொழுப்பு ஈரலையும் சேர்த்து வழிகாட்டி வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. வீட்டு வாசலுக்கு வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பணியாளரிடம் மேலும் இரண்டு கேள்விகளைக் கொடுத்தால் போதும்: இடுப்பளவு எவ்வளவு? நாற்பதுக்குமேல் விழுந்து எலும்பு முறிந்ததுண்டா? ஐயத்துக்குரியவர்களின் வயதையும், இரண்டு ஈரல் நொதிகளையும், இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் வைத்து ஃபிப்-4 என்றொரு கணக்குப் போடலாம். 1.3-க்குக் கீழே என்றால் ஈரலில் தழும்பு முற்றியிருக்க வாய்ப்புக் குறைவு. மேலே என்றால் 2017-இல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பலாம். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டுவதில்லை.

நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் ஏழு நாள் சிற்றூரில் தங்குகிறார்கள். கோயில் பிராகாரம் கூட்டுகிறோம், மரக்கன்று நடுகிறோம்; நல்லதுதான். அடுத்த முகாமை அரிமளம் ஒன்றியத்தில் நடத்தி, இரு நாளை இதற்கு ஒதுக்குமாறு பேராசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். பெண்களின் இடுப்பளவை மாணவியரே எடுக்கட்டும். பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், ஆணுக்கு 90 சென்டிமீட்டர். அதற்கு மேற்பட்டோர் பெயரை எழுதிக் கிராமச் செவிலியரிடம் கொடுத்துவிடலாம். அளவு நாடா வாங்கப் பணம் ஒதுக்கவில்லை என்று அலுவலகத்தில் சொன்னால், கடைவீதித் தையற்காரரிடம் கடன் கேட்டாலும் தருவார்.