கொசுவுக்குத் திட்டம் உண்டு, கூலிக்காரனுக்கு உண்டா?

நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேர் மலேரியாவில் விழுந்தார்கள். 8 லட்சம் பேர் மாண்டார்கள் என்பது அன்றைய மதிப்பீடு. 1953-ல் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது; 1958-ல் அது ஒழிப்புத் திட்டமானது. வீடுதோறும் டி.டி.டி. தெளித்தார்கள். 1965-ல் நோயாளிகள் தொகை ஏறத்தாழ 1 லட்சமாக இறங்கியது. வென்றுவிட்டோம் என்று அயர்ந்தார்கள். கண்காணிப்புத் தளர்ந்தது, கொசு மருந்துக்குப் பழகியது. 1976-ல் 64 லட்சம் பேரை அதே நோய் பிடித்தது.

இப்போது 2030-க்குள் மலேரியாவை அடியோடு ஒழிப்போம் என்கிறது மத்திய அரசு 2016-ல் வகுத்த திட்டம். வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்வி: அந்தத் திட்டத்தில் நம் தகரக் கொட்டகைக்கு இடம் உண்டா?

நகரத்தில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசு சாக்கடையை நாடுவதில்லை. மாடித் தொட்டி, கிணறு, கட்டட வேலை நடக்கும் இடத்தில் தேங்கிய தண்ணீர் இவைதான் அதன் தொட்டில். அந்தக் கட்டடத்தை எழுப்புகிறவன் அதன் அடியிலேயே கொசுவலையின்றிப் படுக்கிறான். காய்ச்சல் கண்டால், "வெளியூர்க்காரன் கொண்டுவந்த நோய்" என்று பழி வேறு! ஊர் மாறுகிறவன் உடம்போடு கிருமியும் போகும், உண்மைதான். அதனால்தான் அவனைத் தேடிப்போய் ரத்தம் சோதிக்க வேண்டும், விரட்டக் கூடாது.

வைவாக்ஸ் வகைக் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து, மாதங்கள் கழித்தும் தலைதூக்கும். அதை வேரறுக்க பிரைமாகுவின் மாத்திரையை 14 நாள் உட்கொள்ள வேண்டும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் வேலைக்கு ஓடுகிறோம். ஒருநாள் கூலி போனால் அடுப்பு எரியாதே! பாதி மருந்தோடு அடுத்த ஊருக்கும் போய்விடுகிறோம்.

ஆகவே நாம் கேட்பது இவை: வேலையிடத்தில் தண்ணீர் தேங்கினால் காண்டிராக்டர் பொறுப்பேற்க வேண்டும். கொட்டகைக்கே வந்து சோதனை செய்ய வேண்டும். நோயாளிக்குக் கூலியோடு ஓய்வு வேண்டும். நம் மொழியில் மருந்துச் சீட்டு வேண்டும்.

நம் கடமையும் உண்டு. பீப்பாயை மூடுங்கள், வாரம் ஒருமுறை கவிழ்த்துக் காயவிடுங்கள். காய்ச்சலென்றால் கடையில் மாத்திரை வாங்காமல் ரத்தம் சோதியுங்கள். மருந்தை முழுதாகச் சாப்பிடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பிரைமாகுவின் ஆகாது, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு கொட்டகையை விட்டுவைத்தால் நகரம் முழுவதையும் நோய் திரும்பப் பிடிக்கும். 1976 தந்த பாடம் அதுதான்.