லயத்து வாசலில் எந்த பிளக்கில் போடுவது?

கொழும்பில் வேலை செய்யும் எங்கள் கூட்டத்துப் பையன் ஒருவன் போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். வெள்ளை நிற நிசான் லீஃப், 2013 மாடல். கீழே ஒரு வரி: "மச்சான், பெட்ரோல் செலவே இல்ல. நாலு பேரும் சேர்ந்து போட்டா ஹட்டன்ல ஹயர் ஓட்டலாம்." அவன் போடப்போகும் பங்கு அவனுடைய காசு இல்லை. முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அவன் அம்மாவின் ஈ.பி.எப். காசு.

அதனால்தான் இதைக் கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறோம். "பழைய ஈவி வாங்காதவன் முட்டாள்" என்று யூடியூபில் பேசுகிறவர்கள் யாரும் தப்பான கணக்குச் சொல்லவில்லை. அவர்களுடைய வீட்டுக்கு அது சரியான கணக்கு. சொந்த வீடு, சொந்த மீட்டர், கார் நிறுத்த போர்ட்டிகோ, கூரையில் சோலர். இந்த நாலும் இருக்கிறவனின் கணக்கை எடுத்து வந்து எங்கள் லயத்துக் கதவில் ஒட்டினால் எப்படி?

முதலில் அந்தக் கார் என்ன என்று பார்ப்போம். வரி குறைவாக இருந்த 2014, 2015 காலத்தில் ஜப்பானிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்து இறங்கியவை இந்த லீஃப்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்கள் மறுபடி வர 2025 பெப்ரவரி ஆகிவிட்டது. நடுவில் இருந்த ஐந்து வருசமும் பழைய வண்டிக்குத்தான் ராஜ யோகம். வயது ஏற ஏற விலை குறைய வேண்டிய சாமான், வயதோடு சேர்ந்து விலையும் ஏறி நின்றது. அந்த விலையின் மிச்சத்தைத்தான் இன்று நம்மிடம் கேட்கிறார்கள்.

அந்தக் காலத்து லீஃபில் புதிதாக இருக்கும்போதே 24 யூனிட் பேட்டரிதான். அதைக் குளிர்விக்கத் தனியாக ஒரு ஏற்பாடும் கிடையாது, படுகிற காற்றுத்தான். அமெரிக்காவின் அரிசோனாவில், அந்த வெயிலில், ஒன்றிரண்டு வருசத்திலேயே பேட்டரி இறங்கி உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். அதன் பிறகுதான் கம்பனி பேட்டரியின் கொள்ளளவுக்கு உத்தரவாதம் கொடுத்தது. கொழும்பு அரிசோனா இல்லைதான். ஆனால் பத்து வருசம் கொழும்பு வெயிலில் நின்ற வண்டி நுவரெலியாவின் குளிருக்கு வந்ததும் இளமை திரும்பாது. குளிர் இனிமேல் தேய்வதைக் கொஞ்சம் மெதுவாக்கும், அவ்வளவுதான்.

டாஷ்போர்டில் 12 கோடு இருக்கும். பையன் அனுப்பிய படத்தில் 8. அப்படியென்றால் புதிதில் இருந்த கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குகூட மிச்சமில்லை. ஓட்டப் பயன்படுவது 13, 14 யூனிட் தேறும். (12 கோடும் முழுசாகத் தெரிகிற பழைய லீஃபைப் பார்த்தால் இன்னும் கவனமாக இருங்கள். பேட்டரியின் கணினியை ரீசெட் பண்ணி பொய்க்கோடு காட்டுகிற வித்தை உலகம் முழுக்க இருக்கிறது. லீஃப் ஸ்பை என்ற ஆப்பையும் ஒரு சின்னக் கருவியையும் எடுத்துக்கொண்டு போய், நீங்களே கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்காமல் ஒரு ரூபாகூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.)

இனி நம்ம மலைக்கு வருவோம். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1270 மீற்றர், நுவரெலியா 1868. வித்தியாசம் கிட்டத்தட்ட 600. நாலு பேர் ஏறிய லீஃப் 1800 கிலோ. அந்த எடையை 600 மீற்றர் தூக்க மட்டும் மூன்று யூனிட், மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் மூன்றரை. தலவாக்கலை, நானுஓயா வழியாக 45 கிலோமீற்றர் ஓட இன்னும் ஆறு சொச்சம். போகவே பத்து யூனிட் கிட்ட வந்துவிட்டது. திரும்பி இறங்கும்போது பிரேக்கில் கொஞ்சம் பேட்டரிக்குத் திரும்பும், உண்மைதான். ஏறக் கொடுத்ததில் பாதி திரும்பினாலே பெரிசு. எல்லாம் கழித்தும் போய்வர 14 யூனிட்டுக்கு மேல் வேண்டும். வண்டியில் இருப்பதே அவ்வளவுதான். ஹயர் வந்த ஆட்களை நுவரெலியாவில் இறக்கிவிட்டு, "கொஞ்சம் இருங்க, சார்ஜ் ஏறட்டும்" என்று மணிக்கணக்கில் கிரெகரி வாவியைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கொழும்பில் வாங்கி, அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை என்று ஏறி வீட்டுக்குக் கொண்டுவருவதே ஒரு கதை. ஒரே சார்ஜில் முடியாது. லொறியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும் என்று அவனே கடைசியில் ஒத்துக்கொண்டான்.

"சரி, செலவு குறையுமே?" குறையும். பெட்ரோல் லீற்றர் 300 ரூபா, மலையில் ஒரு பழைய ஆல்டோ 14 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்தால் கிலோமீற்றருக்கு 21 ரூபா. கரண்ட் யூனிட் 60 ரூபா என்று வைத்தால் லீஃபுக்கு 12. மாதம் 1000 கிலோமீற்றர் ஓட்டினால் 9000 ரூபா மிச்சம். பேட்டரி போனால், திருத்தியோ மாற்றியோ பத்து லட்சம் என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். அந்த மிச்சத்தால் அதை அடைக்க ஒன்பது வருசம். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த 1350 ரூபா நாள் சம்பளத்தில் எண்ணினால் பத்து லட்சம் என்பது 740 நாள் வேலை. மாதம் 25 நாள் பேர் விழுந்தால் முப்பது மாதம் ஒரு ரூபா தொடாமல் மலை ஏறி இறங்க வேண்டும். ஹயருக்கு இன்னும் கூட ஓடுமே என்பீர்கள். 13 யூனிட்டை வைத்துக்கொண்டு எங்கே கூட ஓடுவது?

இதெல்லாம் கார் பிரச்சினை. இன்னும் பெரிய பிரச்சினை பிளக்.

எங்கள் லயத்தில் வீட்டுக்கு ஒரு சுவிட்ச் போர்ட். அதில் பல்ப், டீவி, போன் சார்ஜர், கேத்தல். அதே வயரில் இரவு முழுக்க ஆறேழு மணித்தியாலம் காரைப் போட்டால் என்ன நடக்கும்? லயத்தில் தீ என்ற செய்தியை அடிக்கடி படிக்கிறோம், மின்கசிவு என்று முடியும். ஒரே கூரை. ஒரு காம்பரா பிடித்தால் வரிசையே போகும். புது வயர் இழுக்கலாமே என்றால், சுவர் யாருடையது? சோலர் போட்டு மின்சார சபைக்கு விற்கலாமே என்றால், தகரம் யாருடையது? ஏழு பேர்ச்சா பத்து பேர்ச்சா என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் ஏலம் போடுகிறார்கள், கையில் உறுதி இல்லை. காணி உறுதி இல்லாதவனுக்கு "வீட்டில் சார்ஜ் பண்ணிக்கொள்" என்பது வங்கியில் கணக்கே இல்லாதவனுக்கு வட்டி வீதம் சொல்வதைப் போல.

இதில் எரிச்சலான விசயம், கரண்ட் பிறப்பதே எங்கள் மலையில். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் எங்கள் தோட்டங்களுக்கு நடுவில். லக்ஷபான 1950 இலிருந்து ஓடுகிறது. தலவாக்கலையில் மேல் கொத்மலை 2012 இல் வந்தது, 150 மெகாவாட். தண்ணீர் எங்கள் பள்ளத்தில் நிற்கிறது, சார்ஜிங் நிலையங்களை எண்ணக் கொழும்புக்குப் போக வேண்டியிருக்கிறது.

2022 ஐ ஞாபகப்படுத்துகிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்ரோல் 470 ரூபாவுக்குப் போனதும், நாள்கணக்கில் வரிசையில் நின்றதும், ஜூலையில் கியூஆர் வந்ததும் யாருக்கும் மறக்காது. ஆனால் அதே வருசம் மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். அதையும் சேர்த்து ஞாபகம் வையுங்கள்.

யாருக்குமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹட்டன் டவுனிலோ கொட்டகலையிலோ சொந்த வீடு, உறுதி, மீட்டர் உள்ள டீச்சர் ஒருவர் நாளுக்கு இருபது கிலோமீற்றர் பள்ளிக்கூடம் போய்வர, பேட்டரியைச் சோதித்து, விலையை அடித்துப் பேசி வாங்கினால் நல்ல வண்டி. சத்தமில்லை, புகையில்லை, ஒயில் மாற்ற வேண்டாம். அவருக்கு எங்கள் வாழ்த்து. முழு சார்ஜோடு நேரே இறக்கத்தில் இறங்க வேண்டாம் என்று மட்டும் சொல்வோம். நிறைந்த பேட்டரி பிரேக்கில் வருகிற கரண்டை வாங்காது, அது வீண்.

பையனோடு இரண்டு இரவு சண்டை போட்டோம். "நீங்க எப்பவும் இப்படித்தான், எதுக்கும் கணக்குப் பார்த்தே கெட்டீங்க" என்றான். அம்மாவிடம் கேட்டோம். கார் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. "மழையில எங்கடா நிறுத்துவ?" என்று மட்டும் கேட்டார். காசு இப்போதைக்கு வங்கியில் இருக்கிறது. லயத்துக் கூரையில் சோலர் போடவும், ரோட்டோரம் ஒரு பொது சார்ஜிங் பாயின்ட் வைக்கவும் அனுமதி கேட்டு தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் வந்தால் இங்கேயே போடுகிறோம்.