லைக்கை எண்ணி எழுத்தாளரைத் தெரிவு செய்யாதீங்க

இந்தக் கிழமை மட்டும் மூணு லிங்க் வந்திருக்கு. "சேர், என்ட மகள்ட கதைக்கு ஒரு லைக் போடுங்க, குரூப்லயும் ஷேர் பண்ணுங்க." கதையை வாசிச்சுப் பாருங்க என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

"உலகத்துல பெரிய விருதையே வாசகர்ட ஓட்டுலதானே குடுக்கிறாங்க" என்றார் ஒரு நாநா. உண்மைதான். விஞ்ஞானப் புனைகதைக்கான ஹியூகோ விருது 1953 முதல் ரசிகர்களின் வாக்கில்தான் போகுது. நம்ம நாட்டில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், சிகிரியாவையும் பாவாத மலையையும் மனசில் வைத்து எழுதிய 'தி ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' 1980ல் அப்படித்தான் வென்றது.

ஆனா நாநா, அங்கே உள்ள காவலையும் பாருங்க. காசு கட்டி அங்கத்தவராகினால்தான் வாக்கு. ஒரு லைக் இல்லை, படைப்புகளை வரிசைப்படுத்த வேணும். எதுவுமே தகுதியில்லை என்றால் "விருது இல்லை" என்றும் வாக்களிக்கலாம். 2015ல் சிலர் பட்டியல் போட்டு ஆள் திரட்டினாங்க. வாக்காளர் ஐந்து பிரிவுகளில் "விருது இல்லை" என்று முடிச்சிட்டாங்க. 2024ல் 3,813 வாக்குகளில் 377 வாக்குகளை, ஒரே போட்டியாளருக்கு விழுந்த மோசடி வாக்குகள் என்று பகிரங்கமாகச் சொல்லித் தூக்கி வீசினாங்க.

இத்தனை காவல் இருந்தும் தரம் தப்பிப் போகுது. மார்கரெட் அட்வூட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' ஹியூகோ இறுதிப் பட்டியலுக்கே வரவில்லை. 1987ல் அந்தப் பட்டியலில் இருந்தது எல். ரொன் ஹபர்டின் 'பிளாக் ஜெனசிஸ்'. இன்று அதை யார் தேடுறாங்க? அதே 1987ல், நடுவர்கள் தெரிவு செய்யும் ஆதர் சி. கிளார்க் விருது முதல் தடவையாகக் குடுக்கப்பட்டது. அதை வென்றது அட்வூட்டின் நாவல்.

நடுவர்களும் பிழை விடுவாங்க. ஆனா அவங்க வாசிக்கக் கடமைப்பட்டவங்க. "ஏன் இந்தக் கதை?" என்று அவங்களிடம் கேட்கலாம். ஆயிரம் லைக்கிடம் யார் போய்க் கேட்பது?

என் வகுப்பில் ஒரு பிள்ளை, கடல் வற்றிப்போன ஊரைப் பற்றிக் கதை எழுதினாள். உம்மாவிடம் இருப்பது பட்டன் ஃபோன். அவளுக்குக் கிடைத்தது பதினொரு லைக். முதலிடக் கதைக்கு வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் முழுப் பேரும் லைக் போட்டிருந்தாங்க. அவள் இப்போ எழுதுவதில்லை.

போட்டி நடத்துறவங்களிடம் கேட்பது இதுதான்: பெயரை மறைத்து மூன்று பேரிடம் வாசிக்கக் குடுங்க. லைக்குக்கு வேணுமென்றால் தனிப் பரிசு வைங்க. பெற்றோரே, அடுத்த லிங்க்கை அனுப்ப முதல் அந்தக் கதையை நீங்க ஒருக்கா வாசிங்க.