பாட்டில் ஏறினால் போதுமா?

"அதான் பாட்டில் ஏறுதுல்ல, மாத்திரை எதுக்கு?" திண்டுக்கல் பக்கம் நோயாளிக்குத் துணையாக ஒரு ராத்திரி வார்டில் தங்கியவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. நாளைக்கு ஆபரேஷன் என்று வெறும் வயிற்றோடு இருப்பவரோ, பக்கவாதத்தில் விழுங்க முடியாமல் கிடப்பவரோ, யாராக இருந்தாலும் பல வருடம் வேளை தவறாமல் போட்டுவந்த வலிப்பு மாத்திரை அன்றைக்கு நின்றுபோகிறது. "தண்ணிகூடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்று வேடசந்தூரிலிருந்து கூட வந்த அக்கா மாத்திரைப் பையை முடிந்து தலையணைக்கடியில் வைத்துவிடுகிறார்.

அந்தப் பாட்டிலில் அப்படி என்னதான் இருக்கிறது? ஐந்து சதவீத குளுக்கோஸ் என்றால் அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரை. நாலைந்து டீக்குப் போதும். டாக்டர் தனியாக எழுதாவிட்டால் வலிப்பு மருந்து அதில் ஒரு சொட்டும் கிடையாது. ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்தின் ஊசியைக் குளுக்கோஸில் கலந்தாலோ திரிந்தே போகும். அதற்குச் சலைன்தான் வேண்டும்.

ஒரு வேளை விட்டால் ஒன்றும் ஆகாது என்பார்கள். ஆனால் லெவிடிராசிட்டம் என்ற வலிப்பு மருந்து ஆறேழு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். அதன்பின் வருகிற வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. பூட்டு ஊர்க்காரர்கள் நாம், உடனே கையில் சாவியைத் திணிப்போம். எந்தச் சாவிக்கும் வலிப்பு நின்றதில்லை.

வழி இல்லாமலா? லெவிடிராசிட்டம், வால்புரோயேட், ஃபெனிட்டாயின் மூன்றுக்கும் ஊசி இருக்கிறது. ஆபரேஷன் அன்று காலை மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு போடச் சொல்வதுதான் மயக்க மருந்து டாக்டர்களின் வழக்கம். கார்பமாஸிபைன்தான் சிக்கல்: அதற்கு இங்கே ஊசி கிடைப்பதில்லை, மூக்குக் குழாயில் சிரப்பாகக் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றவேண்டும். குழாய்தான் இருக்கிறதே என்று மெல்லக் கரையும் சி.ஆர். வகை மாத்திரையை நீங்களாக டம்ளரால் நசுக்கி ஊற்றிவிடாதீர்கள். மெல்ல மெல்லக் கரையவேண்டியது மொத்தமாக இறங்கிவிடும்.

கேஸ் ஷீட்டில் 'வாய்வழி எதுவும் வேண்டாம்' என்று எழுதுகிற கை, மருந்தை எந்த வழியில் கொடுப்பது என்பதையும் எழுதவேண்டும். அதில் டாக்டர்களை நான் விடமாட்டேன். ஆனால் வலிப்பு இருப்பதையே மறைத்தால் அவர் எதை எழுதுவார்? பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவேண்டுமே என்று வாயை மூடிக்கொள்கிறோம். இந்துத் திருமணச் சட்டமே 1999-இல் வலிப்பைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

அட்மிஷன் போடும்போதே மாத்திரை அட்டையை நீட்டுங்கள். "வாயில கொடுக்கக் கூடாதுன்னா இதை எப்படிக் கொடுப்பீங்க?" என்று கேளுங்கள். அடுத்த வேளை வருவதற்குள் கேளுங்கள்.