வேகம் தெரியாவிட்டாலும் கணக்கு நிற்கும்

ஆயிரக்கணக்கான நொதிகளின் வினைவேகம் அளக்கப்படாத நிலையில், உயிரணுவின் வளர்சிதை மாற்றத்தைக் கணினியில் கணிப்பது வெறும் ஊகமே என்னும் வாதம், கணிப்பின் அடிப்படையையே அறியாமல் எழுந்தது. விக்கிரமசிங்கபுரத்து வயல்களுக்குத் தாமிரபரணி நீரைப் பிரிக்கும் கால்வாய்களில் வரவும் செலவும் சரிபார்க்க ஒவ்வொரு துளியின் வேகமும் தேவைப்படுவதில்லை. அவ்வாறே, உயிரணுவுக்குள் ஒவ்வொரு பொருளும் உருவாகும் அளவும் செலவாகும் அளவும் சமம் எனக் கொண்டு, அது எட்டக்கூடிய உச்ச வளர்ச்சியைக் கணிப்பதே பாய்வுச் சமநிலைப் பகுப்பாய்வு. 2002இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வில், கிளிசரால் என்னும் உணவில் வளர்க்கப்பட்ட ஈ.கோலை பாக்டீரியா, தொடக்கத்தில் கணிப்புக்குக் கீழே நின்றாலும், 40 நாட்களில், அதாவது சுமார் 700 தலைமுறைகளில், கணிக்கப்பட்ட உச்சத்தையே எட்டியது. ஊகம் இவ்வாறு பலிப்பதில்லை.

இதைக் கொண்டு, பரிணாமம் எல்லாவற்றையும் செம்மையாக்கிவிட்டது என்று மறுமுனைக்குத் தாவுவதும் பிழை. அதே வயல்களின் நெல்லில் கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதி, காற்றில் ஆக்சிஜன் மிக அரிதாக இருந்த பழங்காலத்தில் தோன்றியது என்பதால், இன்றும் ஆக்சிஜனைத் தவறிப் பிடித்து, சேர்த்த கரிமத்தில் ஒரு பகுதியை இழக்கிறது. உயிர் எதுவரை செல்லலாம் என்பதைக் கணக்கும், ஏன் அங்கே செல்லவில்லை என்பதைப் பரிணாம வரலாறும் விளக்குவதால், ஒன்றை மறுப்பவர் மற்றதையும் பாதியாகவே அறிகிறார்.