சுங்கச் சாலையும் பிரயாணியின் நியாயமும்

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குக் காரில் புறப்படுகிறவர், பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்ற ஆறு சுங்கச்சாவடிகளுக்கும் காணிக்கை செலுத்திய பின்னரே கொள்ளிடத்துக் காற்றை நுகர முடியும். கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கை மேலே பொருத்தியிருக்கும் கருவி படித்துக்கொள்ள, குறுக்குக் கம்பம் உயர, பணம் கழிந்த செய்தி கைப்பேசியில் ஒலியெழுப்ப, வண்டி அடுத்த சாவடியை நோக்கி வேகமெடுக்கும் அந்த இடைவேளையில், உள்ளே இருப்பவர்களில் எவரேனும் ஒருவர், ‘இந்த ரோட்டுக்கு இவ்வளவு காசு தகுமா?’ என்று கேட்காமலிருப்பதில்லை. விடை சொல்வோர் உடனே இரு கட்சியாகப் பிரிவதும், விழுப்புரம் வருவதற்குள் பேச்சு அரசியலுக்குத் தாவிவிடுவதும் வழக்கம். அரசியலை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, கேள்வியை மட்டும் எடுத்து ஆராயலாம்.

தகும் என்போர் கட்சியில் நியாயம் இல்லாமலில்லை. இதே ஜி.எஸ்.டி. ரோடு இருவழிச் சாலையாக இருந்த நாட்களில் பிரயாணம் செய்தவர்களுக்கு, மதுராந்தகம், திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர் என்று ஒவ்வோர் ஊரின் கடைத்தெருவுக்குள்ளும் புகுந்து, மாட்டுவண்டிக்கும் டவுன் பஸ்ஸுக்கும் வழிவிட்டு, மீண்டும் புளியமரங்களுக்கிடையே வந்து, முன்னே செல்லும் வைக்கோல் லாரியைக் கடப்பதற்கு எதிர்ச்சாரியில் எட்டிப் பார்த்து, எதிரே வரும் விளக்கைக் கண்டதும் பின்வாங்கி, இப்படியே ஒரு பகலைக் கழித்த அனுபவம் மறந்திராது. இன்று நடுவே அரளிச்செடிகள் பிரித்து நிற்கும் நான்குவழிச் சாலையில் அவ்வூர்களின் பெயர்ப்பலகைகளைத்தான் பெரும்பாலும் காண்கிறோம். ஊர்கள் புறவழிக்கு அப்பால் ஒதுங்கிவிட்டன. நேரம் மிச்சம், எரிபொருள் மிச்சம், நேருக்கு நேர் மோதும் அபாயம் பெருமளவு குறைவு. கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ ஐந்து பேராகச் செல்லும் ஒரு குடும்பம் இவற்றையெல்லாம் கணக்கிட்டுப் பார்த்தால், கொடுத்த சுங்கம் நஷ்டமென்று சொல்வதற்கில்லை. இந்த அளவில் என் அபிப்பிராயமும் அதுவே.

சுங்கத்தைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் முதற் குலோத்துங்கனைத் துணைக்கழைப்பது நம்மவர் மரபு. அவன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் பெற்றது உண்மைதான். ஆனால் சுங்கம் என்பதே கொடுமை என்று பழந்தமிழர் கருதியதாகச் சொல்லிவிட முடியாது. பெரும்பாணாற்றுப்படை காட்டும் பெருவழியில் மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்துகள் உல்கு என்னும் சுங்கம் செலுத்திச் செல்கின்றன. அவ்வழியைக் காப்பதற்கு வில்லேந்திய வீரர்கள் நிற்கிறார்கள். வாங்கிய பணத்துக்கு ஈடாகக் காவல் கிடைத்தது. ஆகவே சுங்கம் நல்லதா கெட்டதா என்று பொதுவில் விசாரிப்பதை விட்டு, வாங்குகிறவர் என்ன தருகிறார், கொடுக்கிறவருக்கு மறுக்கும் பாத்தியதை உண்டா என்ற இரண்டையும் விசாரிப்பதே பயனுடையது.

மறுக்கும் பாத்தியதை எப்படியிருக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் ஓர் உதாரணம் உண்டு. பர்மிங்ஹாம் நகரை ஒட்டிச் செல்லும் எம்-6 என்னும் பெருஞ்சாலை நெரிசலால் திணறியபோது, அதைத் தொடாமல், அதற்கு வடகிழக்கே 43 கிலோமீட்டர் நீளத்துக்கு எம்-6 டோல் என்ற புதிய சாலையை ஒரு தனியார் கம்பெனி தன் முதலீட்டில் அமைத்து, 2003 டிசம்பரில் திறந்தது. 2054 வரை வசூலிக்கும் உரிமை அந்தக் கம்பெனியுடையது. கட்டணத்தை நிர்ணயிக்கும் சுதந்தரமும் அதனுடையதே. (விற்காத காதல் நாவல்களின் பிரதிகள் 25 லட்சத்தைக் கூழாக்கி அந்தச் சாலையின் மேற்பரப்பில் கலந்திருக்கிறார்கள் என்பது, அதைப் பற்றிய செய்திகளில் எனக்கு மிகவும் பிடித்தது.) தொடக்கத்தில் காருக்கு இரண்டு பவுண்டாக இருந்த கட்டணம் இன்று நான்கு மடங்குக்கும் மேலாகிவிட்டது. விலை அதிகமென்று நினைப்பவன் பழைய எம்-6 இல் காசில்லாமல் போகிறான். அவசரமாக விமானத்தைப் பிடிக்க வேண்டியவன் சுங்கம் கட்டிப் பறக்கிறான். எதிர்பார்த்த அளவு வாகனங்கள், விசேஷமாக லாரிகள், புதிய சாலைக்கு வரவில்லை. பழைய சாலையின் நெரிசலும் தீர்ந்தபாடில்லை. ஆதலால் அந்தத் திட்டம் பூரண வெற்றி என்று நான் வாதிக்கவில்லை. எனினும், ‘தகுமா?’ என்ற கேள்விக்கு அங்கே ஒவ்வொரு வண்டியோட்டியும் சந்திப்பில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தானே விடை சொல்கிறான். அந்த விடை கம்பெனியின் வரவு செலவில் தெரிகிறது.

நம் நாட்டில் நடந்தது வேறு. புதிய சாலை ஒன்று போட்டு, பழைய சாலையைப் பொதுமக்களுக்கு விட்டுவைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காசின்றி நடந்த பொதுவழியையே அகலப்படுத்தி, அதன் குறுக்கே கம்பத்தை வைத்தோம். செங்கல்பட்டிலிருந்து திண்டிவனத்துக்கு, சுற்றுவழிகளை விட்டால், வேறு சாலை ஏது? கிழக்குக் கடற்கரைச் சாலையை நாடுவோமென்றால், சென்னையைத் தாண்டும்போதே உத்தண்டியில் வேறொரு சாவடி நிற்கிறது. மறுக்க வழியில்லாமல் வாங்கப்படும் பணத்துக்கு விலை என்று பெயரிட்டாலும் அது வரியே. வரியென்றால் வரிக்குரிய ஒழுங்குகள், அதாவது பகிரங்கமான கணக்கும், எல்லையும், முடிவும், அதற்கு வேண்டும்.

வரியென்ற முறையிலும் இது முதல் வரியன்று. வண்டி வாங்கும்போது மாநில சர்க்காருக்குச் சாலை வரி கட்டுகிறோம். பெட்ரோலிலும் டீசலிலும் சாலைகளுக்கும் உள்கட்டமைப்புக்குமென்று மத்திய சர்க்கார் மேல்வரி வசூலிக்கிறது; மத்திய சாலை நிதிக்கென்று 2000ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. வாஜ்பாய் காலத்துத் தங்க நாற்கரத் திட்டத்துக்குக் கைகொடுத்தவற்றுள் அந்த மேல்வரியும் ஒன்று. இவற்றுக்கு மேல் சாவடியிலும் கொடுக்கிறவன், ஒரே சாலைக்கு எத்தனை முறை கொடுப்பது என்று கேட்டால் அவனைக் கஞ்சனென்று ஏசுவது முறையன்று.

காரில் போகிறவர்களின் குரல்தான் பத்திரிகைகளில் அதிகம் கேட்கிறது. ஆனால் பெரும் பாரம் சுமப்பவர்கள் வேறு. ஒட்டன்சத்திரம் சந்தையில் மாலையில் காய்கறி ஏற்றி, விடியுமுன் கோயம்பேட்டில் இறக்க வேண்டிய லாரி, திண்டுக்கல்லிலிருந்து சென்னை வரை வரிசையாகச் சுங்கம் செலுத்துகிறது. திரும்பும்போது காலியாக வந்தாலும் சரக்கோடு வருவதற்குள்ள விகிதந்தான், ஏனெனில் கட்டணம் வண்டியின் இனத்தையும் அச்சையும் பார்க்கிறதேயன்றி உள்ளே சரக்கு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. 2008ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள், காருக்குக் கிலோமீட்டருக்கு 65 பைசா என்று அடிப்படை விகிதம் வகுத்தபோதே, பஸ்ஸுக்கும் லாரிக்கும் 2 ரூபாய் 20 பைசா என்று வகுத்தன. அதன் மேல் ஆண்டுதோறும் நூற்றுக்கு மூன்றும், மொத்த விலை ஏற்றத்தில் ஐந்தில் இரண்டு பங்கும் சேர்ந்து ஏறுகின்றன. சில சாவடிகளில் ஏப்ரல் முதல் தேதியும், வேறு சிலவற்றில் செப்டம்பர் முதல் தேதியும் ஏற்றம் வரும். லாரி உரிமையாளர் சங்கங்கள் கண்டன அறிக்கை விடும். பின்னர் அந்தத் தொகை வாடகையில் ஏறி, வாடகை தக்காளியில் ஏறி, ஆயுளில் காரே ஏறாத ஒரு மூதாட்டியின் முந்தானை முடிச்சிலிருந்து கழியும்.

அரசுப் பேருந்தின் நிலையும் இதுவே. 2025 ஜூலையில், சுங்க பாக்கி 276 கோடி ரூபாய் என்ற வழக்கில், கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி ஆகிய நான்கு சாவடிகளிலும் அரசுப் பேருந்துகளை அனுமதிக்க வேண்டாமென்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சர்க்கார் அவகாசம் கேட்டதன்பேரில் உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. பொதுமக்களின் பஸ், பொதுமக்களின் சாலையில் கடன்காரனாக நிற்கும் விசித்திரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

இனி, வாங்குகிறவர் தம் வாக்கைக் காப்பாற்றுகிறாரா என்று பார்ப்போம். ஒரே சாலையில் ஒரே திசையில் இரு சாவடிகளுக்கிடையே பொதுவாக 60 கிலோமீட்டர் இருக்க வேண்டுமென்று அதே 2008 விதிகள் சொல்கின்றன. விலக்குகளையும் அவையே சொல்கின்றன. 2022 மார்ச்சில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி மக்களவையில், 60 கிலோமீட்டருக்குள் ஒரு சாவடிதான் இருக்கும், மற்றவை மூன்று மாதத்தில் மூடப்படும் என்று அறிவித்தார். பரனூருக்கும் ஆத்தூருக்கும் இடையே 60 கிலோமீட்டர் கிடையாது. இரண்டும் நின்றபடியே நிற்கின்றன. சாலைக்குச் செலவிட்ட முதல் முழுவதும் திரும்பி வந்தபின் கட்டணத்தை நூற்றுக்கு நாற்பதாகக் குறைக்க வேண்டுமென்ற விதியும் இருந்தது; 2023இல் அதைத் திருத்தி, முழுக் கட்டணமே தொடர்வதற்கு வழி செய்தார்கள். கடன் அடைந்த பின்னும் வட்டி கேட்பவனைப் பற்றி நம் கிராமங்களில் என்ன சொல்வார்களென்று இங்கே எழுத வேண்டியதில்லை.

அண்டை மாநிலத்தில் இந்த விஷயம் நீதிமன்றம் வரை சென்றது. கேரளத்தில் இடப்பள்ளிக்கும் மண்ணுத்திக்கும் இடையிலான சாலையில், சுரங்கப்பாதை வேலைகளால் வாகனங்கள் மணிக்கணக்கில் நின்றபோதும், பாலியேக்கரை சாவடியில் வசூல் மட்டும் தடையின்றி நடந்தது. 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் வசூலை நான்கு வாரம் நிறுத்தி வைத்தது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போக, அங்கும் அந்த மேல்முறையீடு தள்ளுபடியானது. நிறுத்தம் நீடிக்கப்பட்டு, அக்டோபரில்தான் நிபந்தனைகளோடு வசூல் மீண்டும் தொடங்கியது. சாலை சரியில்லையேல் சுங்கமில்லை என்ற கொள்கை சட்டத்தின் வாயிலாக வெளிப்பட்டது பெரிய லாபம். ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு வழக்குத் தொடுப்பது பிரயாணிக்கு ஆகக்கூடிய காரியமா?

இதற்கிடையில், நமக்குள்ள சில்லறை உரிமைகளையாவது நாம் அறிந்திருப்பது அவசியம். பொங்கலுக்கு முந்திய இரவில் பரனூரில் நின்று பாருங்கள்: கருவி ஒரு வண்டியின் ஃபாஸ்டேக்கைப் படிக்க மறுக்கும், ஊழியர் கையடக்கக் கருவியோடு ஓடி வந்து கண்ணாடியில் காட்டுவார், வண்டி ஒரு முழம் பின்னே, ஒரு முழம் முன்னே நகரும், பின்னாலிருந்து ஹாரன் ஒலி வானைப் பிளக்கும், வெள்ளரிப்பிஞ்சு விற்கும் பெண் ஒருத்திக்கு மாத்திரம் அந்தத் தாமதம் வியாபாரமாகும். ஓட்டுநர் கடைசியில் சலித்துப்போய் ரொக்கத்தை நீட்டுவார். ஃபாஸ்டேக் செல்லுபடியாகி, கணக்கில் பணமும் இருந்து, சாவடியின் கருவி பழுதாயிருந்தால், கட்டணமின்றி விட வேண்டுமென்பது 2018 முதல் விதி. வழியில் வண்டி நின்றுவிட்டால் 1033 என்ற எண்ணை அழைக்கலாம். மீட்பு வாகனமும் ஆம்புலன்ஸும் நாம் கொடுக்கும் சுங்கத்தில் அடக்கம். 2025 ஆகஸ்ட் 15 அன்று, சொந்த உபயோகத்துக்கான கார்களுக்கு 3,000 ரூபாயில் ஓர் ஆண்டுக்கு, அல்லது 200 முறை கடப்பதற்கு, அனுமதிச் சீட்டு தரத் தொடங்கினார்கள். அந்த விலையில் ஒரு முறைக்கு 15 ரூபாயாயிற்று. அடிக்கடி ஊருக்குச் செல்பவர் வாங்கிக்கொள்வதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்தச் சலுகை லாரிக்கும் இல்லை, பஸ்ஸுக்கும் இல்லை, வாடகைக் காருக்கும் இல்லை. பாரம் குறைந்தவனுக்குச் சலுகை, பாரம் சுமப்பவனுக்கு ஏற்றம் என்ற இந்த ஏற்பாட்டின் தர்மம் எனக்கு விளங்கவில்லை.

ஹொஸ்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை 260 கிலோமீட்டரளவில் சென்னை–பெங்களூரு விரைவுச்சாலை உருவாகிவருகிறது. பழைய பாதையைத் தொடாமல் புது நிலத்தில் அமைவதால், இங்கேயாவது, விரும்பியவன் காசு கொடுத்து விரைவதும், விரும்பாதவன் வேலூர், கிருஷ்ணகிரி வழியே போவதும் சாத்தியம். அப்படிப்பட்ட சாலைக்குச் சுங்கம் வாங்குவதை நான் மனப்பூர்வமாக ஆதரிப்பேன். ஆனால் வேலூர் வழியிலும் சாவடிகள் இருக்கின்றன என்பதை மறக்கலாகாது. இரண்டு வழியிலும் கம்பம் நின்றால் தேர்ந்தெடுக்கும் சுதந்தரம் பெயரளவே. புதிய சாலையைத் திறக்கும் நாளில் பழைய சாலையின் கட்டணத்தைப் பராமரிப்புச் செலவளவுக்குக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு சாவடியின் முகப்பிலும், சாலைக்கு ஆன செலவு, இதுவரை வசூலான தொகை, வசூல் முடியும் தேதி ஆகிய மூன்றையும், தேடுவார்க்கு மட்டும் அகப்படும் இணையப் பக்கங்களில் இருத்தாமல், ஓடும் வண்டியிலிருந்தே படிக்கும்படி தமிழில் எழுதி வைக்க வேண்டும். பரனூர், ஆத்தூர் இரண்டில் ஒன்றை, 2022இல் மக்களவையில் கொடுத்த வாக்கின்படி, மூட வேண்டும். நம் மாநிலத்திலிருந்து மக்களவைக்குச் சென்றிருக்கும் உறுப்பினர்கள் அனைவரும், கட்சி பேதம் பாராமல், அடுத்த கூட்டத்தொடரில் இவற்றைக் கேட்க வேண்டுகிறேன்.