மையின் மணமும் சுவடியின் மணமும்

பிரான்சின் லாலிக் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் 'ஆங்க்ர் நுவார்' என்னும் நறுமணத் தைலத்தை வெளியிட்டது. 'கறுப்பு மை' என்பது அப்பெயரின் பொருள். மைக்கூட்டை ஒத்த கரிய கண்ணாடிப் புட்டி. அதனுள் நதாலி லோர்சன் அமைத்த மணம். 2010இல் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த பைரேடோ நிறுவனம் கிழக்காசிய எழுத்துக்கலையின் மைக்கட்டியை முன்னிறுத்தி 'எம்/மிங்க்' என்னும் தைலத்தைக் கொணர்ந்தது. எழுத்தைச் செல்வர்களின் அணிகலனாக்கும் வணிகத் தந்திரம் என்று இவற்றை ஒதுக்கிவிடுவது கல்விப்புலத்தினருக்கு எளிது. ஆனால் அவ்வாறு ஒதுக்குவோர் ஒரு கேள்வியிலிருந்து தப்பித்துக்கொள்கின்றனர்: எழுத்தின் மணத்தை வணிகர்கள் ஆராயத்தக்க பொருளாகக் கருதும்போது, எழுத்தையே ஆராய்வோர் ஏன் அவ்வாறு கருதவில்லை?

போலி என்னும் குற்றச்சாட்டு முதலில் எழும். கறுப்பு மையின் பெயர் தாங்கிய தைலத்தில் மை இல்லை. அதன் அடித்தளம் வெட்டிவேர். பிரெஞ்சு மொழி இன்றும் அவ்வேரைத் தமிழ்ப் பெயராலேயே வழங்குகிறது. ஆயினும், மையின் மணம் என்று போற்றப்படுவதும் மைக்கு இயல்பானதன்று. சீனத்திலும் ஜப்பானிலும் விளக்குப் புகையிலிருந்து திரட்டிய கரியை விலங்குப் பசையுடன் பிசைந்து மைக்கட்டி செய்தனர். பசையின் நாற்றத்தை மறைக்கப் பச்சைக் கற்பூரம், கத்தூரி முதலிய மணப்பொருள்களைச் சேர்த்தனர். ஜப்பானின் நாரா நகரில் 1577இல் தோன்றிய கோபாயென் பட்டறை இத்தொழிலை இன்றும் செய்துவருகிறது. ஆகவே, மைக்கு மணமூட்டுதல் மை செய்வோரின் கைவினையிலேயே அடங்கிய ஒரு பணி. இன்றைய தைலம் அந்த மணத்தைப் பணியிலிருந்து பிரித்து விற்கிறது. அதன் புதுமை அவ்வளவே.

இந்தியச் சுவடிகளின் மணமும் பணியின் விளைவே. தமிழகம், கேரளம், ஒடிசா ஆகிய பகுதிகளில் எழுத்தாணியால் கீறிய பனையோலையில் கரியைத் தேய்த்து எழுத்தைப் புலப்படுத்தினர். பூச்சி அணுகாதிருக்க வசம்பையும் வேப்பிலையையும் சுவடிக்கட்டுகளுடன் வைத்தனர். ஓலை நெகிழ்வுடன் நிலைக்க எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசும் வழக்கம் நூலகங்களில் இன்றும் உண்டு. கடந்த நூற்றாண்டில் நாப்தலீன் உருண்டைகளும் தைமால் புகையூட்டலும் இவற்றோடு சேர்ந்தன. சுவடிக்கட்டை முதன்முறையாக அவிழ்க்கும் மாணவர் 'பழமையின் மணம்' என்று முகர்வது, சில திங்களுக்கு முன் ஒரு பாதுகாப்புப் பணியாளர் பூசிய எண்ணெயின் மணமாக இருத்தல் கூடும்.

இது வெறும் சுவையான செய்தியன்று. சுவடியின்மீது பூசப்பட்ட ஒவ்வொரு பொருளும் அதன் வேதியியலை மாற்றுகிறது. கரிமக் காலக்கணிப்புக்கு மாதிரி எடுக்கும்போது, பிற்காலத்தில் பூசிய பொருள் முற்றிலும் நீக்கப்படாவிடின் முடிவு பிறழலாம். எதைப் பூசினர், எப்போது பூசினர் என்ற பதிவு இன்றியமையாதது. ஆனால், நம் சுவடி விளக்க அட்டவணைகள் பெரும்பாலும் ஏட்டின் நீளம், அகலம், ஏடுகளின் எண்ணிக்கை, பக்கத்துக்கு வரிகள், முழுமை, சிதைவு ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. நூலாசிரியர் பெயர் அதில் உண்டு. சில வேளைகளில் படியெடுத்தவர் பெயரும் உண்டு. அச்சுவடியைத் தலைமுறைகளாகக் காத்த கைகளின் செயலுக்கு அங்கு இடமில்லை.

மணம் அகவயமானது, அளவிட இயலாதது என்னும் மறுப்பு வலுவிழந்துவிட்டது. லண்டன் புனித பவுல் பேராலய நூலகத்தின் மணத்தை ஆராய்ந்த செசிலியா பெம்பிப்ரேவும் மத்தியா ஸ்ட்ர்லிச்சும் 2017இல் வெளியிட்ட கட்டுரை இதற்குச் சான்று. காற்றில் பரவும் ஆவிச் சேர்மங்களை வேதியியல் வழியிலும், முகர்வோரின் விவரிப்புகளை ஒழுங்குபடுத்தியும், ஒரு மணத்தை மரபுச் செல்வமாக ஆவணப்படுத்த இயலும் என்று அது காட்டியது. பிரான்சின் வெர்சாய் நகரில் 1990இல் நிறுவப்பட்ட ஓஸ்மோதெக் என்னும் மணக் காப்பகம், வழக்கொழிந்த தைலங்களையும் பேணிவருகிறது. விற்கப்பட்ட மணங்களுக்குக் காப்பகம் இருக்கிறது. எழுதப்பட்ட ஏடுகளின் மணத்துக்கு அட்டவணையில் ஒரு வரியும் இல்லை.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் உடனடியாகத் தேவையில்லை. பூசிய பொருள், பூசிய நாள், பூசியவர், திறக்கும்போது உணரப்படும் மணம் என நான்கு கூறுகளை விளக்க அட்டவணையில் சேர்த்தால் போதும். 2003இல் தொடங்கப்பெற்ற தேசியச் சுவடி இயக்கம் போன்ற பெருந்திட்டங்கள் முன்னின்றால், இது நாடு தழுவிய நடைமுறையாக வளரும். எண்மப் படியெடுத்தல் விரைவாக நடைபெறும் இக்காலத்தில் இதற்கு அவசரமும் உண்டு. ஒளிப்படம் எழுத்தைக் காக்கும். ஏட்டின் மணத்தைக் காக்காது. படியெடுத்தபின் மூலச் சுவடி பெட்டியில் அடங்கிவிட்டால், அதை முகர்ந்தறிந்த பணியாளரின் அறிவும் அவர் ஓய்வு பெறும் நாளில் உடன் போய்விடும்.

எழுத்தின் பெயரால் தைலம் விற்போரை எள்ளி நகையாடுவதால் சுவடியியலுக்கு ஆவதொன்றுமில்லை. அவர்கள் மூக்கை நம்பினர்; அதனால் ஈட்டினர். சுவடியியலாளரும் மூக்கை நம்பலாம். நம்பி, அறிந்ததை எழுதியும் வைக்கலாம்.